கீ வேலை செய்கிறது… உரிமம் யாருடையது?

அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024-இல் தண்டனை வழங்கி முடித்த ஒரு வழக்கை, டீலரிடம் மென்பொருள் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அலுவலகத் தொலைபேசி அமைப்புகளைத் தயாரிக்கும் அவாயா நிறுவனத்தின் ‘ஐ.பி. ஆபீஸ்’ பல நாடுகளில் சிறு, நடுத்தர நிறுவனங்களில் இருக்கிறது. கூடுதல் இணைப்புகள், வாய்ஸ்மெயில் போன்ற வசதிகள் வேண்டுமென்றால் அவற்றுக்கென்று தனியே உரிமக் கீ வாங்க வேண்டும். ஒக்லஹோமாவில் இருந்த அவாயாவின் வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவர், தன் கையில் இருந்த நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு பல்லாயிரம் கீகளைத் திருட்டுத்தனமாக உருவாக்கினார். அவற்றை வாங்கி விற்ற முக்கியமானவர் நியூஜெர்சியைச் சேர்ந்த வியாபாரி. ஒரு காலத்தில் அவாயாவின் அங்கீகாரம் பெற்ற டீலராக இருந்து, அதை இழந்தவர். உலகெங்கும் உள்ள டீலர்களுக்கும் நிறுவனங்களுக்கும் அந்தக் கீகள் அடிமாட்டு விலைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றின் சந்தை மதிப்பு 8.8 கோடி டாலருக்கு மேல். ஊழியருக்கு 4 ஆண்டு, வியாபாரிக்கு 18 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது தொகையின் அளவு அல்ல. விற்கப்பட்ட கீகளில் எதுவும் கள்ள அச்சு இல்லை. எல்லாமே தயாரிப்பாளரின் சொந்தக் கணினியில் பிறந்தவை, போட்ட இடத்தில் ஒழுங்காக வேலை செய்தவை. கடைசியாக வாங்கியவர் கையில் கீ இருந்தது, பில் இருந்தது, தொலைபேசியும் அடித்தது. இல்லாதது ஒன்றுதான்: அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள அவாயா கொடுத்த அனுமதி. நம் ஊரில் மென்பொருள் வாங்குபவர்கள் செய்யும் சோதனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறது. ‘ஆக்டிவேட் ஆகிவிட்டதா?’ என்று பார்க்கிறோம். ஆகியிருந்தால் ஒரிஜினல் என்று முடிவு கட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஆக்டிவேட் ஆவது ஒரு கதவு திறந்ததற்கான அடையாளம் மட்டுமே. அந்தக் கதவைத் திறக்கும் உரிமை யாருக்குத் தரப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

உரிமம் என்பது தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு தரும் அனுமதி. இந்திய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் மாதம் ‘இன்ஜினியரிங் அனாலிசிஸ்’ என்ற வரி வழக்கில் தந்த தீர்ப்பில், மென்பொருள் விற்பனைச் சங்கிலியில் யாருக்கு என்ன கைமாறுகிறது என்பதை விரிவாக ஆராய்ந்தது. நடுவில் இருக்கும் விநியோகஸ்தருக்கோ டீலருக்கோ பதிப்புரிமை எதுவும் வந்து சேர்வதில்லை. இறுதியில் பயன்படுத்துபவருக்குக் கிடைப்பது வரையறுக்கப்பட்ட பயன்பாட்டு அனுமதி என்பது அதன் சாரம். வரி விவகாரத்தில் சொல்லப்பட்டதுதான் என்றாலும், வாங்குபவருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. டீலரால் அனுமதியைக் கொண்டுவந்து சேர்க்க முடியும், உருவாக்க முடியாது. அப்படியானால் அனுமதி இருப்பதற்கான சான்று டீலரின் பேச்சிலும் இல்லை, நம் கணினித் திரையிலும் இல்லை. தயாரிப்பாளரின் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் நம் நிறுவனத்தின் பெயரை நம் கண்ணால் பார்க்கும்வரை வாங்கல் முடியவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மலிவுக் கீகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விண்டோஸையே எடுத்துக்கொள்வோம். புதுக் கணினியோடு வரும் ஓ.இ.எம். உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அதோடு முடிவது. உடைத்துப் போட்ட பழைய கணினியிலிருந்து அதன் கீயை மட்டும் எடுத்து வேறொரு கணினிக்கு விற்க முடியாது. பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு வாங்கும் மொத்த உரிமத்தில் ஒரே கீயை நூற்றுக்கணக்கான கணினிகளில் போடலாம். அந்தக் கீ வெளியே கசிந்தால் ஐநூறு ரூபாய்க்குத் துண்டு துண்டாக விற்கப்படுகிறது. மென்பொருள் எழுதுபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கென்று சந்தாவில் தரப்படும் கீகளும் இப்படியே சந்தைக்கு வருகின்றன. கீயை மட்டும் தனியாகத் தாங்கள் விற்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஆபீஸ் ‘புரொஃபஷனல் பிளஸ்’ பதிப்பு பெரும்பாலும் மொத்த உரிம ஒப்பந்தங்களில் மட்டும் தரப்படுவது. அது ஒரே ஒரு கணினிக்கென்று வாட்ஸ்அப்பில் வரும் 25 எழுத்துக் கீயாக வருகிறது என்றால், அந்தக் கீ வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டது என்று கொள்வதே நியாயம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கமும் உண்டு. மொத்த உரிமத்தில் வரும் விண்டோஸ், ஏற்கெனவே முறையான விண்டோஸ் உள்ள கணினியை மேம்படுத்துவதற்கு மட்டுமே. விண்டோஸே இல்லாமல் அசெம்பிள் செய்த கணினியில் அதைப் போட்டால், மொத்த உரிமம் அசலாகவே இருந்தாலும் அந்தக் கணினிக்கு உரிமம் இல்லை.

திரையைப் பார்த்தே சில விஷயங்களைக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆனதா, ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ மூலம் ஆனதா என்று அங்கேயே எழுதியிருக்கும். இரண்டாவது வாசகம் கே.எம்.எஸ். போன்ற முறைகளைக் குறிக்கிறது. கே.எம்.எஸ். பெரிய நிறுவனங்களுக்கானது, அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்க வேண்டும், விண்டோஸ் கணினிகள் குறைந்தது 25 இருக்க வேண்டும், ஆக்டிவேஷன் 180 நாளுக்கு மட்டுமே நிற்கும், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சொந்த சர்வரும் இல்லாத, மொத்த உரிம ஒப்பந்தமும் இல்லாத நான்கு கணினி அலுவலகத்தில் அந்த வாசகம் தெரிந்தால், யாரோ ஒரு போலி ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார்கள் என்றே சந்தேகிக்க வேண்டும். அத்தகைய ஆக்டிவேட்டரை ஓட்டும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், கணினியின் முழு அதிகாரத்தையும் அதற்குக் கொடுக்கச் சொல்வார்கள். கே.எம்.எஸ்.பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் உலவிய நிறுவல் கோப்புகளில் கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பாட் என்ற தீநிரல் ஒளிந்திருந்ததை 2021-இல் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்து சொன்னது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இப்படி ஒன்றை ஓட்டவிடுவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை உரிமையாளர்கள் உணராமல் இருக்கிறார்கள்.

இப்போது இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதே நாளில் ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல வராத நிலையில் நிறுவனங்கள் புதிய பதிப்புகளுக்கு மாறியாக வேண்டியிருக்கிறது. இப்படி அவசரமாக மாறும் காலம்தான் கீ வியாபாரிகளுக்கு அறுவடைக் காலம்.

கீயை விட்டுக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இன்றைய மென்பொருளில் பலவற்றுக்குக் கீயே கிடையாது. சந்தா வந்த பிறகு உரிமம் ஒரு மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. அந்த மின்னஞ்சல் யாருடையது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கணக்கு மென்பொருளான டேலியில் ஒவ்வொரு உரிமத்துக்கும் 9 இலக்க வரிசை எண் உண்டு. அது ஒரு மின்னஞ்சல் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். ஆக்டிவேட் செய்துகொடுக்க வருபவர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையே போட்டுவிட்டால், காசு கொடுத்தது நீங்கள், கட்டுப்பாடு அவரிடம். நாளை வேறு டீலரிடம் மாற நினைத்தாலும், கணினி பழுதாகி உரிமத்தை வேறு கணினிக்கு மாற்ற நினைத்தாலும், அவர் தயவில் நிற்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் இது இன்னும் ஆபத்தானது. ‘வாழ்நாள் முழுவதும், ஐந்து கணினிகளுக்கு’ என்று சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் கணக்குகள் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தின் பெயரில் இலவசமாகவோ சலுகையாகவோ பெறப்பட்ட மொத்தக் கணக்கிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டவை. பயனர் பெயரின் பின்பகுதியில் உங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு டொமைன் இருக்கும். அந்த மொத்தக் கணக்கின் நிர்வாகி யாரோ, அவரால் உங்கள் கடவுச்சொல்லை மாற்ற முடியும், நீங்கள் ஒன்டிரைவில் ஏற்றிவைத்த விலைப்பட்டியலையும் வரவு செலவையும் பார்க்க முடியும், ஒரு நாள் மொத்தமாக அழிக்கவும் முடியும். இங்கே உரிமம் மட்டும் போலியாக இல்லை. நிறுவனத்தின் ரகசியமே முகம் தெரியாத ஒருவரிடம் அடகு போயிருக்கிறது.

முறையாக வாங்கியவருக்குச் சரிபார்ப்பது பெரிய வேலை அல்ல. மைக்ரோசாஃப்ட் 365 என்றால் உங்கள் சொந்த நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து எத்தனை உரிமம், எப்போது முடிகிறது, எந்தப் பங்குதாரர் வழியாக வாங்கப்பட்டது என்று பார்த்துவிடலாம். ஆட்டோகேட் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2016-லேயே நிரந்தர உரிமங்களைப் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டது. இன்று புத்தம்புது ஆட்டோகேடை ‘ஒரே முறை பணம், ஆயுள் முழுக்க’ என்று ஒருவர் விற்றால் அது போலிதான், மேற்கொண்டு எதையும் சோதிக்கத் தேவையில்லை. மாணவர்களுக்கான கல்விப் பதிப்பில் பட்டறையின் வரைபடங்களைப் போடுவதும் உரிம மீறல்தான். டீலர் யார் என்பதையும் அவர் காட்டும் சான்றிதழை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவாயா வழக்கின் வியாபாரியும் ஒரு காலத்தில் அங்கீகாரம் பெற்றவர்தான். பெரிய தயாரிப்பாளர்களின் இணையதளங்களில் இன்றைய தேதியில் அங்கீகாரம் உள்ள பங்குதாரர்களைத் தேடும் வசதி இருக்கிறது. அங்கே பெயர் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடலாம்.

“ஜி.எஸ்.டி. பில் இருக்கிறதே, அது போதாதா?” என்பது அடிக்கடி வரும் மறுப்பு. பில் அவசியம், பில்லே தராதவரிடம் வாங்கவே கூடாது. ஆனால் பில் நிரூபிப்பது நீங்கள் பணமும் 18 சதவீத வரியும் கொடுத்தீர்கள் என்பதைத்தான். விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதை வரித்துறை ஆராய்ந்து சான்று கொடுப்பதில்லை. பல பில்களில் ‘சாஃப்ட்வேர் - 5 எண்ணம்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லாமல் கணினியின் விலைக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. பின்னால் யாராவது கேட்டால் அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் காட்ட முடியாது. எந்தப் பதிப்பு, எந்த வகை உரிமம், எத்தனை பேருக்கு, எந்தத் தேதிவரை, வரிசை எண்ணோ ஒப்பந்த எண்ணோ என்ன, யார் பெயரில் என்ற விவரமெல்லாம் பில்லில் ஏற வேண்டும். இவற்றை எழுதித் தரத் தயங்கும் டீலர், தன்னிடம் அந்த எண்கள் இல்லை என்பதைத் தானே சொல்லிவிடுகிறார்.

“ஐரோப்பாவில் பழைய உரிமத்தை விற்பது சட்டப்படி செல்லும், அதனால்தான் விலை குறைவு” என்றும் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3-ஆம் தேதி, யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில், காலவரம்பற்ற உரிமத்தை முதலில் வாங்கியவர் வேறொருவருக்கு விற்கலாம் என்று தீர்ப்பளித்தது உண்மை. கூடவே நிபந்தனையும் விதித்தது: விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும், பல பயனர்களுக்கு வாங்கிய உரிமத்தை உடைத்துத் தனக்கு வேண்டாததை மட்டும் விற்கக் கூடாது. அந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கு விளக்கம்; இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். முறையாகக் கைமாறிய பழைய உரிமம் என்றால் முதலில் வாங்கியவர் யார், எந்த ஒப்பந்தம், தன் பிரதியை எப்போது அழித்தார் என்ற ஆவணச் சங்கிலி இருந்தே ஆக வேண்டும். அதைக் காட்டாமல் தீர்ப்பின் பெயரை மட்டும் சொல்பவரிடம் அந்தச் சங்கிலி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின் மூலம் 63-பி பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமமற்ற மென்பொருள் பிரதியைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. தொழில் நடத்துபவருக்கு அந்தச் சலுகை இல்லை. ‘தெரிந்தே’ என்ற நிபந்தனை ஏமாந்தவரைக் காப்பாற்றத்தானே செய்யும் என்று கேட்கலாம். குற்ற வழக்கில் காப்பாற்றலாம். ஆனால் பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள மென்பொருளைச் சில நூறுக்கு வாங்கியவர், சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் நம்புவது கடினம். வாங்கும்போதே தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெற்ற பதில் மின்னஞ்சல் கோப்பில் இருந்தால், நல்லெண்ணத்துக்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. சிவில் வழக்குகள் வேறு பாதை: தயாரிப்பாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஆணையரை நியமிக்கச் செய்து அலுவலகக் கணினிகளைச் சோதிப்பது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஏமாற்றிய டீலர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்ற நம்பிக்கையும் பலருக்குப் பலிக்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவருக்கே விலக்கு.

“நாங்கள் பத்துப் பேர் வேலை செய்யும் இடம், எங்களை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்பவர்கள், சோதனை ரெய்டாக மட்டுமே வரும் என்று நினைக்கிறார்கள். ஏற்றுமதிச் சந்தை வழியாகவும் வரும். 2013 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த கமலா ஹாரிஸ், இந்தியாவையும் சீனாவையும் சேர்ந்த இரண்டு ஆடைத் தயாரிப்பு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார். காசு கொடுக்காத மென்பொருளைக் கொண்டு செலவைக் குறைத்து அமெரிக்கச் சந்தையில் நியாயமற்ற போட்டி தருகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. ஆடிட்டர் வழியாகவும் வரும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவுசெய்யும் ஆடிட் டிரெயில் வசதி கட்டாயம். அது ஆண்டு முழுக்க இயங்கியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். கிராக் செய்த பழைய பதிப்பில் தங்கிப்போன நிறுவனத்தால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தர முடியாது.

விலை தாங்க முடியவில்லை என்ற குரலை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அது உண்மையான சுமை. ஆனால் அதற்கான விடை போலிக் கீயில் இல்லை. லிப்ரே ஆபீஸில் கடிதமும் விரிதாளும் போடலாம். லினக்ஸில் அலுவலகக் கணினிகள் ஓடலாம். கட்டாயம் தேவைப்படும் ஒன்றிரண்டு மென்பொருளுக்கு மட்டும் முறையாகக் காசு கொடுத்து, மற்றவற்றுக்குத் திறந்த மூல மென்பொருளுக்கு மாறும் நிறுவனம் செலவையும் குறைக்கிறது, பயமும் இல்லாமல் இருக்கிறது.

தயாரிப்பாளர்கள் மீதும் குறை உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2017-இல் நிறுவப்பட்டிருந்த மென்பொருளில் 56 சதவீதம் உரிமமற்றது என்று பி.எஸ்.ஏ. அமைப்பின் 2018 அறிக்கை சொல்கிறது. அது தயாரிப்பாளர்களின் சொந்த அமைப்பு. கணக்கிடும் முறையை விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே ஏற்றாலும், அதில் எத்தனை பேர் திருடியவர்கள், எத்தனை பேர் டீலரிடம் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் என்று அது பிரித்துக் காட்டுவதில்லை. உரிம விதிகளை வழக்கறிஞர்களுக்கும் புரியாதபடி சிக்கலாக்கியவர்கள் தயாரிப்பாளர்களே. இன்று அரை சவரன் மோதிரம் வாங்கும் ஒருவர், அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடான எச்.யு.ஐ.டி.யை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு, நகைக்கடைக்காரர் யார், எங்கே முத்திரையிடப்பட்டது, என்ன தூய்மை என்று கடையிலேயே பார்த்துவிடுகிறார். லட்ச ரூபாய்க்கு மென்பொருள் வாங்கும் நிறுவனத்துக்கு அப்படியொரு பொதுவான வழி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு பக்கம், சிலருக்கு அதுவும் இல்லை. பில்லில் அச்சிடும் ஒரே ஒரு பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு, பணம் கொடுக்கும் முன்பே எவரும் சரிபார்க்கும் வசதியைத் தயாரிப்பாளர்கள் செய்து தர வேண்டும். நீதிமன்றத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போதும்.

அந்த வசதி வரும்வரை பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கியவற்றில் சந்தேகம் இருந்தால் மறைக்காதீர்கள். அலுவலகத்தில் உள்ள ஒவ்வொரு கணினியிலும் என்ன இருக்கிறது, எந்த பில், எந்தக் கணக்கு என்று எழுதி எடுங்கள், போலி என்று தெரிந்ததை நீக்குங்கள், தேவையானதை முறையாக வாங்குங்கள். டீலரின் மின்னஞ்சலில் இருக்கும் உரிமங்களை உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் டீலர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். போலிக் கீ விற்பவரால் முதலில் நஷ்டப்படுவது அவர்களே, இந்தக் கேள்விகளை அவர்கள் வரவேற்பார்கள். அடுத்த முறை வாங்கும்போது முன்பணம் மட்டும் கொடுங்கள். தயாரிப்பாளரின் கணக்கில் உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலால் நுழைந்து, உரிமங்களின் எண்ணிக்கையையும் முடியும் தேதியையும் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.